நிற்கும்போது நின்றுவிடும் எஞ்சின்

காலி வீதியில் மாலை ஐந்தரை மணி. வெள்ளவத்தைச் சந்தைக்கு அண்மையில் வாகனங்கள் அடியடியாக நகர்ந்துகொண்டிருக்கின்றன. இருபத்தைந்து ஆண்டு வயதுடைய ஜப்பானியக் கார் ஒன்று, முன்னால் நிற்கும் பேருந்தின் பின்னே வந்து தயங்குகிறது. சாரதி அக்சிலரேற்றர் மிதியிலிருந்து காலை எடுத்ததுதான் தாமதம். எஞ்சின் இருமுறை நடுங்கி அடங்கிவிடுகிறது. திறப்பைத் திருப்பினால் மறுபடி இயங்குகிறது. ஓடும்போது யாதொரு குறையும் இல்லை. ஏற்றத்திலும் இழுக்கிறது, வேகமும் பிடிக்கிறது. நின்றால் மட்டும் நின்றுவிடுகிறது. வளிச்சீராக்கியைப் போட்டுக்கொண்டு நின்றாலோ, இன்னும் விரைவாக நின்றுவிடுகிறது.

பின்னால் நிற்பவர்களின் ஹோர்ன் ஒலியோடு முடிந்துபோகும் சிறு தொல்லை இது என்று எண்ணுவோர் உண்டு. அவ்வாறன்று. எஞ்சின் அடங்கிய கணத்தில் சுக்கானைத் திருப்ப உதவிய விசை அற்றுவிடுகிறது. சுக்கான் கல்லாகக் கனக்கிறது. பிரேக் மிதிக்குத் துணைபுரியும் வெற்றிடமோ எஞ்சின் ஓடும்போதே உண்டாவது. எஞ்சின் நின்றபின் அது ஒன்றிரண்டு மிதிப்புகளுக்கே மிஞ்சியிருக்கும். வலப்புறத்து ஒழுங்கை ஒன்றினுள் திரும்புவதற்காக வேகத்தைக் குறைத்து, எதிரே வரும் பேருந்துக்குக் குறுக்காகக் காரின் மூக்கை நீட்டிய நேரத்தில் இது நிகழுமாயின், விளைவைச் சொல்ல வேண்டியதில்லை.

இக்குறை இன்று இலங்கையில் மிகுதியாகப் பேசப்படுவதற்குக் காரணமும் உண்டு. அந்நியச் செலாவணி நெருக்கடியால் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 பெப்ரவரியில். இந்த ஐந்து ஆண்டுகளும் இருந்த கார்களே ஓட வேண்டியிருந்தது. விற்றுவிட்டுப் புதிது வாங்கலாம் என்றிருந்தவர்களும் பழையதையே பேணினர். இவ்வாறு ஆயுள் நீட்டிக்கப்பட்ட கார்களில் பெரும் பகுதி தொண்ணூறுகளிலும் இரண்டாயிரத்தின் தொடக்கத்திலும் ஜப்பானில் செய்யப்பட்டவை. டொயோட்டா கொறோலா, நிசான் சனி, மிட்சுபிசி லான்சர் முதலியன அவை. அவற்றின் எஞ்சினில், காற்றுக் குழாயின் ஓரத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஓர் உறுப்பு ஒளிந்திருக்கிறது. வெற்றோட்டக் காற்று வால்வு என்று அதனைச் சொல்லலாம். கார் நிற்க எஞ்சின் மட்டும் ஓடும் நிலையே வெற்றோட்டம். கராஜ்களில் ஐடில் என்றும் ஸ்லோ என்றும் வழங்குவது இதனையே.

அக்காரை ஒரு கராஜுக்குக் கொண்டுபோனால் பெரும்பாலும் என்ன நடக்கிறது? கார்க்காரர், "அண்ணை, நிற்பாட்டினால் எஞ்சினும் நிற்குது" என்கிறார். "அது ஒண்டுமில்லை ஐயா, ஸ்லோவைக் கொஞ்சம் கூட்டிவிட்டால் சரி" என்று பதில் வருகிறது. ஒரு திருப்புளி எடுக்கப்படுகிறது. ஒரு திருகாணி அரைச் சுற்றுத் திருகப்படுகிறது. எஞ்சின் இரைச்சல் உயர்கிறது. கார் நிற்காமல் ஓடுகிறது. கார்க்காரர் மகிழ்ச்சியோடு போகிறார். மூன்று வாரத்தில் திரும்பி வருகிறார்.

அந்தத் திருப்புளியைக் கையிலெடுத்தவரை அறிவிலி என்று சொல்லிவிடக் கூடாது. அவருடைய கை ஒரு காலத்தில் மிகச் சரியாக இருந்த வித்தையையே செய்கிறது. கொழும்புத் தெருக்களில் மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கார்களும் ஓடிய நாளில், காபரேற்றரின் காற்றுக் கதவு முற்றாக மூடிவிடாதபடி அதனைச் சற்றே தாங்கி நிற்பது ஒரு திருகாணி. அதைத் திருகினால் கதவு மயிரிழை அகலம் கூடத் திறக்கும். கூடுதலான காற்றும் பெற்றோலும் உள்ளே போகும். எஞ்சின் விரைந்து சுற்றும். எஞ்சினுக்கும் மனிதனுக்கும் இடையே வேறு யாரும் இல்லை. காதால் கேட்டு, கையால் திருகி, ஒரு நல்ல மெக்கானிக் அந்த வெற்றோட்டத்தைச் சுருதி கூட்டுவது போலக் கூட்டிவிடுவார். தந்தையிடமிருந்து மகனுக்கும், தலைமைப் பாஸிடமிருந்து கையாளுக்கும் வந்த வித்தை அது. ஆனால் எஞ்சின் மாறிவிட்டது. இப்பொழுது இடையில் ஒரு கணினிப் பெட்டி அமர்ந்திருக்கிறது. திருகாணியைத் திருகுகிறவர் அதற்குத் தெரியாமல் அதன் கணக்கைத் திருத்துகிறார்.

அந்தக் கணக்கு எப்படிப்பட்டது? ஒன்றரை லீற்றர்க் கொள்ளளவுள்ள எஞ்சின் ஒன்று, சூடேறியபின், நிமிடத்துக்கு ஏறத்தாழ 700 முதல் 800 சுற்று வெற்றோட்டத்தில் சுற்றும். அதற்குத் தேவையான காற்று நிமிடத்துக்குச் சுமார் நூறு லீற்றர். சாரதியின் கால் மிதியில் இல்லாதபோது காற்றுக் கதவு அனேகமாக முழுவதும் மூடிக்கிடக்கும். அப்படியாயின் அந்த நூறு லீற்றர் எவ்வழியாகப் போகிறது? கதவின் விளிம்பில் கசிவது போக, மிகுதி ஒரு பக்க வழியால் போகிறது. பெரிய வாசற்கதவைப் பூட்டிவிட்டு, பக்கத்துச் சிறு படலையால் ஆட்களை விடுவது போன்றது இது. அந்தப் படலையில் நிற்கும் காவலாளிதான் வெற்றோட்டக் காற்று வால்வு.

காவலாளிக்குக் கட்டளை கணினிப் பெட்டியிலிருந்து வருகிறது. அதிகாலையில் எஞ்சின் குளிர்ந்திருந்தால் படலை அகலத் திறக்கும். எஞ்சின் 1,200 சுற்றுக்கு மேலும் ஓடிச் சூடேறும். சூடேற ஏறப் படலை ஒடுங்கும். வளிச்சீராக்கியின் அழுத்தி எஞ்சினைப் பற்றும் கணத்திற்குச் சற்று முன்னரே காற்று கூட்டப்படும். தானியங்கிக் கியரில் ஓட்ட நிலைக்கு மாற்றினால், நின்ற இடத்தில் சுக்கானை முழுக்கத் திருப்பினால், இரவில் முன்விளக்குகளைப் போட்டால், எஞ்சினின் தோளில் ஒவ்வொரு சுமை ஏறுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி வால்வு அசைந்து, சுற்று வேகம் விழாமல் காக்கிறது. குளிர்நாட்டில் இவ்வால்வின் பெரும்பணி காலைக் குளிரில். கொழும்பிலோ அது வளிச்சீராக்கியின் சுமையைத் தாங்குவதில். வெப்பம் மிகுந்த நாளில் வளிச்சீராக்கியோடு நெரிசலில் ஊரும் கார், அவ்வால்வை ஒரு நிமிடமும் ஓயவிடுவதில்லை.

இவ்வேற்பாடு ஒரே நாளில் வந்ததன்று. 1967இல் பொஷ் நிறுவனத்தின் மின்னணு எரிபொருள் பீச்சும் முறை வோக்ஸ்வாகன் கார்களில் வந்தபோது, குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தர ஒரு துணை வால்வு இருந்தது. சூடேறியதும் அது தானே மூடிக்கொள்ளும். கட்டளை கேட்டு அசையும் வால்வு பின்னர் வந்தது. இலங்கையில் 1977இன் பொருளாதாரத் திறப்புக்குப் பின் ஜப்பானியக் கார்கள் பெருகின. அவற்றிலும் காபரேற்றர்கள் வந்துகொண்டிருந்த காலம் முடிந்து பீச்சும் முறை பரவியபோதுதான் கராஜ்கள் இந்தக் காவலாளியைச் சந்தித்தன.

இனித் திருகாணிக்கு வருவோம். கதவைத் தாங்கும் திருகாணி இப்புதிய எஞ்சின்களிலும் உண்டு. ஆனால் அது தொழிற்சாலையிலேயே அளந்து வைக்கப்பட்டு, பல கார்களில் வர்ணம் தடவி முத்திரையிடப்பட்டது. கதவு முழுதும் மூடியிருக்கிறது என்பதைக் கணினிக்கு அறிவிக்க அதன் அச்சில் ஓர் உணரி உண்டு. திருகாணியைத் திருகிக் கதவைச் சற்றுத் திறந்துவைத்தால், கணினி என்ன எண்ணும்? சாரதியின் கால் மிதியில் இருக்கிறது என்றே எண்ணும். வெற்றோட்டத்தை ஆளும் பொறுப்பை அது கைவிட்டுவிடும். வளிச்சீராக்கிக்கு ஏற்பக் கூட்டுவதும் குறைப்பதும் ஒழுங்காக நடவாது. வேகமாக வந்து மிதியை விடும்போது பெற்றோலை நிறுத்திச் சிக்கனம் செய்யும் வழக்கமும் தடைப்படும். தானியங்கிக் கியருள்ள கார் பிரேக்கை விட்டதும் முன்னே பாயும்; கியர் விழும்போது முதுகில் தட்டுவது போல் அதிரும். மூல நோயோ அப்படியே இருக்கும். பின்னொரு நாள் வேறொருவர் வால்வைத் துப்புரவாக்கினால், எஞ்சின் 1,500 சுற்றில் அலறும். திருகாணி திருகப்பட்ட கதை அவருக்குத் தெரியாதாகையால், நல்ல வால்வைக் கெட்டதென்று கழற்றி எறிவார்.

இதற்கு எதிரான ஒரு குறையும் உண்டு. அதனை அறிந்துகொள்வது நன்று. ஏனெனில் அது பலரை மயக்குகிறது. எஞ்சின் நிற்பதில்லை, மூச்சு வாங்குவது போல் 1,000க்கும் 1,800க்கும் இடையே ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கணக்கில் இல்லாத காற்று எங்கிருந்தோ உள்ளே வருகிறது என்பதே இதன் பொருள். வால்வு திறந்தபடி இறுகியிருக்கலாம், அல்லது ஓர் இறப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். காற்று மிகுந்ததால் சுற்று ஏறுகிறது. கதவோ மூடியிருக்கிறது. கதவு மூடியிருக்கச் சுற்று மட்டும் மிகுந்தால், கார் இறக்கத்தில் உருள்கிறது என்று கணினி முடிவுசெய்து பெற்றோலை நிறுத்திவிடுகிறது. சுற்று விழுகிறது, உடனே பெற்றோல் வருகிறது, மறுபடி ஏறுகிறது. இது முடிவின்றி நடக்கும். குளிரூட்டும் நீர் குறைந்து, வெப்ப உணரி பொய் சொல்வதாலும் இது நேர்வதுண்டு. ஆகவே வால்வைத் தொடுமுன் றேடியேற்றரில் நீர் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது காசு செலவில்லாத முதற்சோதனை. எஞ்சின் குளிர்ந்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும் என்பதைச் சொல்லாமல் விடலாகாது.

வால்வு ஏன் இறுகுகிறது? தேய்ந்த எஞ்சினின் அடிப்பெட்டியிலிருந்து எண்ணெய் ஆவி உறிஞ்சுகுழலுக்கு அனுப்பப்படுகிறது. காற்று வடிகட்டியைத் தப்பிவரும் நுண்தூசி அதில் ஒட்டுகிறது. வெப்பத்தில் அது கறுத்த மெழுகாகி, பின் கரியாகிறது. வால்வின் அசையும் தகடு அதில் சிக்கிக்கொள்கிறது. கொட்டாஞ்சேனைப் பக்கத்துக் கார்கள் துறைமுகத்துக்குச் செல்லும் கொள்கலன் லொறிகளின் புகையிலும் தூசியிலும் நாள் முழுதும் நிற்பவை. வடிகட்டியைக் காலத்தில் மாற்றாவிட்டால் இக்கரி விரைந்து சேரும். வெள்ளவத்தையின் தொல்லை வேறு. கடற்கரை வீதியோரம் இரவுகளைக் கழிக்கும் கார்களின் மின்னிணைப்பு முனைகளில் உப்புக்காற்றால் பச்சைக் களிம்பு படிகிறது. வால்வு நல்லதாக இருந்தாலும் கட்டளை அதனிடம் போய்ச் சேர்வதில்லை. இரண்டுக்கும் வெளி அடையாளம் ஒன்றே. ஆதலால் எது நோய் என்று அறியாமல் மருந்து கொடுப்பது வீண்.

நோயறியும் முறை கடினமானதன்று, பொறுமையே வேண்டும். முதலில் காதைத் தீட்ட வேண்டும். எஞ்சினை வெற்றோட்டத்தில் விட்டு, ஒரு முழ நீள இறப்பர்க் குழாயின் ஒரு முனையைக் காதருகே பிடித்து, மறுமுனையை உறிஞ்சுகுழலைச் சுற்றியுள்ள குழாய்கள்மேல் நகர்த்தினால், வெடிப்புள்ள இடத்தில் பாம்பு சீறுவது போன்ற ஒலி கேட்கும். சிலர் காபரேற்றர்த் துப்புரவுத் திரவத்தைப் பீச்சிச் சுற்று மாறுகிறதா என்று பார்ப்பர். சூடான எஞ்சின்மேல் எரியும் திரவத்தைப் பீச்சுவது வீட்டைக் கொளுத்தி எலி பிடிக்கும் வேலை. சிறிது சோப்பு நீர் அதே வேலையைச் செய்யும். சுழலும் விசிறியிடமிருந்து கையையும் சட்டையையும் விலக்கி வைப்பது அவசியம்.

காற்றுக் கசிவு இல்லையெனில், வால்வு அசைகிறதா என்று பார்க்க வேண்டும். வளிச்சீராக்கியை ஒருவர் போடட்டும். மற்றவர் சுற்றுமானியைப் பார்க்கட்டும். நல்ல வால்வாயின் முள் ஒரு கணம் தாழ்ந்து உடனே மீளும், சற்றுக் கூடவும் செய்யும். தாழ்ந்தது தாழ்ந்தபடியே இருந்தால் வால்வு செய்தி கேட்கவில்லை. அடுத்து, காற்றுக் குழாயைக் கழற்றி, கதவுக்கு முன்னுள்ள பக்க வழியின் துளையை விரலால் ஒரு நொடி மூடிப் பார்க்கலாம். சுற்று விழுந்தால் அவ்வழியில் காற்று ஓடுகிறது என்று பொருள். விழாவிட்டால் வால்வு மூடியபடியே இறுகிவிட்டது. காற்றளவியை அக்குழாயில் சுமக்கும் கார்களில் இச்சோதனை பொருந்தாது. குழாயைக் கழற்றியதும் எஞ்சினே நின்றுவிடும்.

கணினியிடமும் கேட்கலாம். பிற்காலக் கார்களில் கையடக்கச் சோதனைக் கருவியைச் செருகினால் பி 0505 என்ற எண் வெற்றோட்ட ஆட்சியில் குறை என்று சொல்லும். பி 0506 சுற்று குறைவு, பி 0507 சுற்று மிகை. தொண்ணூறுகளின் டொயோட்டாக்களில் எஞ்சின் அருகேயுள்ள சிறு கறுப்புப் பெட்டியில் ‘டி.ஈ.1’, ‘ஈ.1’ என்ற இரு முனைகளை ஒரு கம்பியால் இணைத்துத் திறப்பைத் திருப்பினால், எச்சரிக்கை விளக்கு கண்சிமிட்டி எண் சொல்லும். வேறு முனைகளைத் தவறி இணைத்தால் கேடு விளையும். மூடியின் உட்புறத்தில் உள்ள படத்தைப் பார்த்தே செய்ய வேண்டும். அதே இணைப்போடு எஞ்சினை ஓட்டினால், பல டொயோட்டா எஞ்சின்கள் ஏறத்தாழ ஐந்து நொடிக்குச் சுற்றை 1,000க்கு மேல் உயர்த்திப் பின் இறக்கிக் காட்டும். கணினி வால்வை அசைத்துப் பார்க்கும் பரீட்சை அது. அவ்வுயர்வு வராவிட்டால் குறை வால்விலோ அதன் கம்பியிலோ இருக்கிறது. ஆயினும் ஒன்றை மறக்கலாகாது. எச்சரிக்கை விளக்கு எரியாததால் வால்வு நல்லது என்று ஆகிவிடாது. பல கணினிகள் கம்பியில் மின்சாரம் ஓடுகிறதா என்று மட்டுமே பார்க்கின்றன. கரியில் சிக்கிய தகட்டைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது.

கடைசியாக அளவுமானி. திறப்பை மூடி, வால்வின் இணைப்பைக் கழற்றி, முனைகளின் பச்சைக் களிம்பைத் துடைத்துவிட்டு, கம்பிச்சுருளின் தடையை அளக்க வேண்டும். மூன்று முனையுள்ள டொயோட்டாச் சுழல் வால்வில், நடு முனைக்கும் பக்கத்து முனை ஒவ்வொன்றுக்கும் இடையே குளிர்ந்த நிலையில் ஏறத்தாழ 17 முதல் 25 ஓம்வரை இருக்கும்; இரு பக்கமும் ஒத்திருப்பது முக்கியம். நிசான் கியூ.ஜி. வரிசை எஞ்சின்களின் ஆறு முனைப் படிமோட்டார் வால்வில் 20 முதல் 24 ஓம். மிட்சுபிசியின் ஆறு முனை வால்வில் 28 முதல் 33 ஓம். ஒவ்வொரு காருக்கும் அதன் கைநூல் சொல்வதே இறுதியானது.

தடை சரியாக இருந்து, தகடு மட்டும் இறுகியிருந்தால், துப்புரவே மருந்து. புதிய உறுப்பு வேண்டியதில்லை. பற்றரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுத் தொடங்க வேண்டும். பல வால்வுகளின் ஊடே குளிரூட்டும் நீரும் ஓடுகிறது. எஞ்சின் ஆறியபின் அக்குழாய்களை நெரித்துக்கொண்டு கழற்றினால் நீர் வீணாகாது. வால்வைக் காற்றுக் கதவின் உடலிலிருந்து பிரித்து, காற்றுக் கதவுக்குரிய துப்புரவுத் திரவத்தை அதன் காற்று வழியில் பீச்சி, ஊறவிட்டு, மெல்லிய தூரிகையாலும் துணியாலும் துடைக்க வேண்டும். மின்சுருள் இருக்கும் பக்கம் மேலாக இருக்கட்டும். திரவம் அதற்குள் இறங்கலாகாது. கம்பித் தூரிகையும் திருப்புளி முனையும் உள்ளே போகலாகாது; ஒரு கீறல் விழுந்தாலும் காற்று கசியும். படிமோட்டாரின் கூர்முனையைக் கையால் அழுத்தவோ இழுக்கவோ கூடாது. உள்ளிருக்கும் நுண்ணிய புரிகள் சிதையும். பழைய அடைப்புத் தாளையும் இறப்பர் வளையத்தையும் மீண்டும் போட்டுச் சிக்கனம் செய்பவர், மறுவாரம் காற்றுக் கசிவைத் தேடி அலைவார். வால்வோடு காற்றுக் கதவின் விளிம்பையும் துடைத்துவிட வேண்டும். பாதிக் குறை அங்கேயே இருப்பதும் உண்டு. பூட்டியபின் நீரை நிரப்பி, உள்ளே சிக்கிய காற்றுக் குமிழ்களை வெளியேற்ற வேண்டும்.

அளவுமானி கெட்ட செய்தி சொன்னாலோ, கதை வேறு. அதுவும் ஆறு முனை வால்வானால் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். இவ்வகை வால்வுகளில் முத்திரை பழுதடைந்து நீர் மோட்டாருக்குள் புகுவதுண்டு; கம்பிச்சுருள் காப்பிழந்து குறுக்குச் சுற்றாவதும் உண்டு. அப்பொழுது மிகுந்த மின்னோட்டம் கணினிப் பெட்டிக்குள் இருக்கும் சிறிய திரான்சிஸ்ரரைச் சுட்டுவிடுகிறது. வால்வு கெட்டதோடு கணினியும் கெடுகிறது. புதிய வால்வைப் போட்டும் அசைவில்லை என்றால் காரணம் அதுவாக இருக்கலாம். இதைவிடக் கொடியது, வால்வைச் சோதிக்காமல் கணினிப் பெட்டியை மட்டும் மாற்றுவது. பழைய வால்வு புதிய பெட்டியையும் சுடும். ஒரு மாதச் சம்பளத்தை விழுங்கக்கூடிய அப்பிழையை, அளவுமானியும் பத்து நிமிடமும் தடுத்துவிடும். முதலில் வால்வு, பிறகு பெட்டி. இந்த வரிசை மாறலாகாது.

மாற்று வால்வு தேடுவோர் மருதானைக்கு அருகில் பஞ்சிகாவத்தைக்குப் போவர். கழற்றிய பழைய உறுப்புகளும் புதிய போலிகளும் அங்கே அருகருகே கிடைக்கும். காரின் பெயரைச் சொல்லி வாங்குவது போதாது; ஒரே பெயருள்ள காரில் ஆண்டுக்கு ஆண்டு வால்வு வேறுபடும். பழைய வால்வைக் கையில் கொண்டுபோய், அதன் உடலிலுள்ள எண்ணையும் முனைகளின் தொகையையும் ஒப்பிட வேண்டும். அளவுமானியையும் கொண்டுபோய், காசு கொடுக்குமுன் கடை மேசையிலேயே தடையை அளந்து பார்ப்பதில் வெட்கம் இல்லை. நீர் வழியில் துரு ஏறியதும், மோட்டார்ப் பக்கத்தில் நீர்க்கறை உள்ளதும் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இரண்டாயிரத்தின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பல கார்களில் இவ்வால்வே கிடையாது. காற்றுக் கதவையே ஒரு மின்மோட்டார் அசைக்கிறது. படலையும் வாசற்கதவும் ஒன்றாகிவிட்டன. அங்கே கரி சேர்ந்தால் கதவைத் துடைப்பதே வைத்தியம். துடைத்தபின் மூடிய நிலை எது என்பதைக் கணினிக்கு மீண்டும் கற்பிக்க வேண்டும். அம்முறை காருக்குக் கார் வேறுபடும். திறப்பைப் போட்டபடி கதவை விரலால் தள்ளிப் பார்ப்பது அதன் பற்சக்கரத்தை முறிக்கும்; விரலையும் நசுக்கலாம். நெரிசலில் நின்றவுடன் எஞ்சினைத் தானே அணைக்கும் ஹைபிரிட் கார்களில் எஞ்சின் நின்றால் அது குறையே அன்று என்பதையும் ஈண்டுக் குறிப்பிடலாம். முதன்முறை அதை ஓட்டியவர்களில் திடுக்கிட்டவர் சிலரல்லர்.

பெற்றோலின் கணக்கும் இதில் உண்டு. 2022 ஓகஸ்டில் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த கியூ.ஆர். அனுமதி முறையில் கார் ஒன்றுக்கு வாரம் 20 லீற்றர் பெற்றோலே முதலில் கிடைத்தது. 2023 செப்ரெம்பரில் அம்முறை நீக்கப்படும்வரை சொட்டுக் கணக்குப் பார்க்காதவர் இல்லை. ஒன்றரை லீற்றர் எஞ்சின் வெற்றோட்டத்தில் மணிக்கு முக்கால் லீற்றர் அளவில் குடிக்கும். வளிச்சீராக்கி கூடினால் ஒரு லீற்றரை எட்டும் அல்லது கடக்கும். திருகாணியைத் திருகி 1,300 சுற்றில் ஓடவிட்டால் அச்செலவு ஏறத்தாழ இரட்டிக்கிறது. காலையும் மாலையும் நெரிசலில் ஒரு மணி நேரம் நிற்கும் காருக்கு, மாத முடிவில் அது ஒரு வாரப் பங்கீட்டைத் தின்றுவிடும் அளவு. ஐயாவைத் திருப்திப்படுத்திய அந்த அரைச் சுற்றின் விலை அது.

துப்புரவோ மாற்றோ முடிந்தபின் கணினி தன் பழைய கணக்கை மறந்து புதியதைக் கற்க வேண்டும். கரியேறிய வால்வுக்கு ஏற்ப அது நெடுநாள் திறப்பைக் கூட்டிக் கூட்டிப் பழகியிருக்கும். ஆகவே துப்புரவான முதல் மணி நேரத்தில் சுற்று மிகுந்திருப்பது இயல்பு. பற்றரி கழற்றப்பட்டிருந்தமையால் அந்நினைவு பெரும்பாலும் அழிந்திருக்கும். விளக்கும் வளிச்சீராக்கியும் இன்றி எஞ்சினைப் பத்து நிமிடம் வெற்றோட்டத்தில் விட்டு, விசிறி ஒருமுறை சுழன்று நின்றபின், வளிச்சீராக்கியோடு இன்னும் சில நிமிடம் விட வேண்டும். யாராவது திருகாணியைத் திருகியிருந்தால், இந்நேரத்தில்தான் அதனைக் கைநூல் சொல்லும் நிலைக்குத் திருப்ப வேண்டும். முன்னரே திருப்பினால் கார் நின்றுபோகும், பின்னர் என்றால் மறந்துபோகும்.

பிறகு ஓட்டிப் பார்த்தல். வெறுமையான வீதியில் நேராக ஓட்டிப் பார்ப்பதால் பயனில்லை. இந்நோய் நிற்கும்போது தோன்றுவது. கொட்டாஞ்சேனையில் சாந்த லூசியா பேராலயம் நிற்கும் மேட்டுப் பகுதியின் ஒடுங்கிய வீதிகள் இதற்கு ஏற்றவை. வளிச்சீராக்கி முழுவீச்சில் ஓடட்டும், முன்விளக்கும் எரியட்டும். ஏறி வந்து, மிதியைச் சட்டென விட்டு, சந்தியில் நிறுத்த வேண்டும். நின்ற இடத்திலேயே சுக்கானை ஒரு முறை இடக்கோடிக்கும் ஒரு முறை வலக்கோடிக்கும் திருப்ப வேண்டும். தானியங்கிக் கியராயின் ஓட்ட நிலைக்கும் பின்னோட்ட நிலைக்கும் பிரேக்கை மிதித்தபடி மாற்றிப் பார்க்க வேண்டும். முள் சற்றே தாழ்ந்து, ஒரு மூச்சுக்குள் மீண்டும் தன் இடத்துக்கு வந்து நிற்குமாயின், காரை உரியவரிடம் கொடுக்கலாம்.